குடி இல்லை, நஞ்சு

(ஏற்காட்டில் தோட்டத் தொழிலாளர்களும் மாணவர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் டாக்டர் இல்லை. இந்தச் சேர்வராயன் மலையில் லைன் வீட்டில் வளர்ந்தவன். முதுகில் டேங்க் சுமந்து மருந்தடித்தவர்களோடு வாழ்ந்தவன். அவங்க உடம்புக்கு என்னதான் ஆச்சு என்று கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்ல வந்திருக்கேன்.

கை நடுங்குகிற ஆளைப் பார்த்தா மேஸ்திரி என்ன சொல்றார்? "குடிகாரப் பய." கால் தடுமாறினா குடி. பேச்சு குழறினா குடி. கூலிக் கணக்கு மறந்துபோனா குடி. குடி நரம்பைக் கெடுக்கும், அதை நான் மறுக்கலை. ஆனா வாழ்நாளில் சாராயத்தைத் தொடாத எங்க அத்தைக்கு ஏன் கை நடுங்குச்சு? அதுக்குப் பதில், "பேய் பிடிச்சிருக்கு". அவங்க கை எதில் நனைஞ்சுதுன்னு மட்டும் யாரும் கேக்கலை.

எதில் நனைஞ்சுது? 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலையில் காபியைக் கொண்டுவந்தார். மலையாளிப் பழங்குடியும், கீழ்நாட்டிலிருந்து பிழைக்க ஏறிவந்த நம்ம சனமும் அந்தக் காபிக்குக் கூலியானோம். அராபிகா காபிக்கு எமன் வெள்ளைத் தண்டுத் துளைப்பான். அந்த வண்டு பறக்கிற பருவங்களில், தண்டின் பட்டையைத் தேங்காய் மட்டையால் தேய்த்து, துணியை நனைத்து நஞ்சு பூசணும். முதலில் லிண்டேன். அது மூளையைத் தாக்கி வலிப்பை உண்டாக்கக்கூடியது. 2009-ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலில் சேர்ந்தது. இந்தியாவில் 2013-லிருந்து பயன்படுத்தத் தடை. அந்த இடத்துக்குக் குளோர்பைரிபாஸ் வந்தது. அதையும் 2025-ல், சில விலக்குகளோடு, அதே பட்டியலில் சேர்த்திருக்காங்க. நஞ்சின் பெயர் மாறுது. பூசுகிற கை மாறலை.

குளோர்பைரிபாஸ், மோனோகுரோட்டோபாஸ் எல்லாம் ஆர்கனோபாஸ்பேட் வகை. இவை என்ன செய்யும்? "அசை" என்று நரம்பு தசைக்குச் சொல்வது அசிட்டைல்கோலின் என்ற பொருளால். சொல்லி முடிந்ததும் அதை அழிக்க கோலினெஸ்டரேஸ் என்ற நொதி இருக்கு. இந்த நஞ்சு அந்த நொதியைக் கட்டிப் போட்டுடும். மோட்டாரை அணைக்கிற சுவிட்ச் கெட்டுப்போன மாதிரி. கண்ணீர், எச்சில், வேர்வை கொட்டும். கண்மணி சுருங்கும். தசை துடிக்கும். மூச்சு திணறும். குடித்தால்தான் ஏறும் என்று நினைக்காதீங்க. தோல் வழியாகவே ஏறும்.

ஆள் பிழைச்சு எழுந்தாலும் முடியலை. ஒன்றிலிருந்து நான்கு நாளுக்குள் கழுத்தைத் தூக்க முடியாமல் போய், மூச்சுத் தசையும் செயலிழக்கலாம். இதை 1987-ல் உலகத்துக்கு எழுதிக் காட்டியவர்கள் இலங்கை மருத்துவர்கள் சேனநாயக்கவும் கரலியத்தவும். இந்த வகையில் சில நஞ்சுகளால், இரண்டு மூன்று வாரம் கழித்துப் பாதம் மரத்து, கால் வலுவிழக்கும். வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால் மறதி, தூக்கமின்மை, மனச்சோர்வு. பூச்சிக்கொல்லியோடு வேலை செய்பவர்களுக்குப் பார்க்கின்சன் என்ற நடுக்கநோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்லுது. இதையெல்லாம் சேர்த்துத்தான் மேஸ்திரி "குடி" என்று ஒரே வார்த்தையில் முடிச்சுடறார். அந்த வார்த்தையில் எஸ்டேட்டின் பொறுப்பும் முடிஞ்சுபோகுது.

சட்டம் இல்லையா? இருக்கு. 1923-ம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலேயே பாஸ்பரஸ் நச்சு தொழில்நோயாக இருந்தது. 1971-ல் வந்த பூச்சிக்கொல்லி விதிகளில் 37-வது விதி, தெளிக்கிறவரை வேலைக்கு முன்னும், பிறகு வருஷம் ஒரு முறையும் டாக்டர் சோதித்துப் பதிவேட்டில் எழுதணும்னு சொல்லுது. உங்களில் யாரை அப்படிச் சோதிச்சாங்க? கை தூக்குங்க பார்ப்போம்.

அதே விதி, ஆர்கனோபாஸ்பேட் தயாரிக்கிற ஆலைத் தொழிலாளிக்கு மாதம் ஒரு முறை ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் அளவு பார்க்கச் சொல்லுது. டேங்கில் கலக்கிறவருக்கு அது கிடையாது. ஆலைக்குள்ளே இருந்தா நஞ்சு, மலைக்கு வந்தா மருந்தா? கலிபோர்னியாவில் 1974-லிருந்து தெளிப்பாளர்களுக்கு இந்தச் சோதனை உண்டு. சிவப்பணுவில் உள்ள அளவு அவருடைய பழைய அளவில் 70 சதவீதத்துக்கு இறங்கினா வேலையிலிருந்து விலக்கணும். "பழைய அளவு" என்பதைக் கவனிங்க. இந்த அளவு ஆளுக்கு ஆள் மாறும். வேலை தொடங்கும் முன் எடுத்த கணக்கு கையில் இல்லாவிட்டால், பிறகு ரத்தம் எடுத்தாலும் "இது உன் இயல்பு" என்று தட்டிக்கழிக்க முடியும். நம்மிடம் இல்லாதது அந்த முதல் கணக்குதான்.

காசர்கோட்டைப் பாருங்க. முந்திரித் தோட்டங்களில் 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தாங்க. ஊர்க்காரர்கள் பாதிக்கப்பட்டவர்களைக் கணக்கெடுத்து, பட்டியல் போட்டு, போராடினாங்க. 2011-ல் உச்சநீதிமன்றம் அந்த நஞ்சுக்குத் தடை போட்டது. 2017-ல் ஆளுக்கு 5 லட்சம் கொடுக்கச் சொன்னது. இரக்கத்தில் வந்ததில்லை அது, பட்டியலால் வந்தது.

மாணவத் தோழர்களே, உங்களிடம் கேட்கிறது இதுதான். ஒரு நோட்டு எடுங்க. யார், எந்த மாசம், எந்த நஞ்சு, எத்தனை நாள், என்ன உபாதை, எல்லாம் எழுதுங்க. டப்பா லேபிளைப் பத்திரப்படுத்துங்க. முக்கோணத்தின் நிறம் பாருங்க: சிவப்பு மிகக் கொடிது, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், பச்சை. யாராவது மயங்கினா உடுப்பைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, லேபிளோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க. இந்த வகை நஞ்சுன்னு தெரிஞ்சால்தான் டாக்டர் தாமதிக்காமல் அட்ரோபின் போட முடியும்.

அடுத்த பருவம் தொடங்கும் முன் தோட்டத்து ஆபீசில் போய் நிற்போம். "முதலில் எங்க ரத்தத்தைச் சோதி, பதிவேட்டில் எழுது, கையுறை கொடு. அப்புறம் டேங்கைத் தூக்கறோம்" என்று சொல்வோம். ஒருத்தரா போனா குடிகாரப் பய. நூறு பேரா போனா அவங்க பதில் சொல்லியே ஆகணும்.