கணக்கு எழுதவும் நம் பிள்ளைகள் வரட்டும்

விடியுமுன் உப்பளம் போய்வந்த களைப்போடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே, தம்பிகளே, தங்கைகளே!

2021 அக்டோபர் 27 அன்று தமிழ்நாடே மரக்காணம் பக்கம் திரும்பிப் பார்த்தது. அரசின் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் நம் முதலியார்குப்பத்தில்தான் தொடங்கியது. கொரோனாவில் பள்ளி மூடியதால் எழுத்தை மறந்த பிள்ளைகளை, தம்பி தங்கைகளே, நீங்கள் தன்னார்வலர்களாக மாலையில் உட்காரவைத்துப் பாடம் சொன்னீர்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. அந்த ஆயிரத்துக்காகவா வந்தீர்கள்?

இன்று தொண்டு நிறுவன வேலைக்கு மனுப் போடும்போது அதை எழுதவே கூசுகிறீர்கள். “சும்மா டியூஷன் எடுத்தேன் அக்கா” என்கிறீர்கள். சும்மாவா? வருகைப் பதிவேடு வைத்தீர்கள். யாருக்குக் கழித்தல் வரவில்லை, யார் எழுத்துக்கூட்டத் திணறுகிறார் என்று கண்டுபிடித்தீர்கள். பொதுப்பணியில் உங்கள் முதல் அனுபவம் அது. மனுவின் முதல் வரியில் எழுதுங்கள்!

அடுத்த படி, அந்த நிறுவனங்களுக்கு நிதி கேட்டு எழுதும் வேலை. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம், பெரிய கம்பெனிகள் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. அந்தப் பணத்தைக் கேட்டுத் திட்டம் எழுதுவது யார்? பெரும்பாலும் நம் ஊரை அறியாதவர். அவருக்குத் தெரிந்தது ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான ஆண்டு. நம் ஆண்டு வேறு. தையிலும் மாசியிலும் பாத்தி மிதித்து, சித்திரை வெயிலில் உப்பு வாரி, ஐப்பசி மழையில் வேலையின்றி உட்காரும் ஆண்டு. கல்லூரியில் அடுத்த பருவக் கட்டணம் கேட்பதும் அந்த மழையை ஒட்டித்தான். உப்பளத் தொழிலாளருக்கு அரசு தரும் 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் இந்தக் கணக்கை அறிந்து வந்தது. நன்கொடைத் திட்டங்களும் அப்படி வரவேண்டுமென்றால், எழுதும் கை இந்தக் கடற்கரையின் கையாக இருக்க வேண்டும்.

இது எளிய வேலை அல்ல. வெளிநாட்டு நன்கொடைக்கு 2020இல் வந்த சட்டத்திருத்தம், நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைத்தது. ஒரு நிறுவனம் பெற்ற பணத்தை இன்னொன்றுக்கு மாற்றித் தரவும் தடை போட்டது. ஆகவே ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வேண்டும், முடிவில் பயன்பாட்டுச் சான்று வேண்டும். வகுப்புக்கு இருபது பேர் என்று எழுதிப் பணம் வாங்கி, பன்னிரண்டு பேர்தான் வந்தார்கள் என்றால், அறிக்கையில் பன்னிரண்டு என்றே எழுதும் நெஞ்சுரம் வேண்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். தொடக்கத்தில் சம்பளம் குறைவு. பல இடங்களில் ஒப்பந்த வேலை, திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். அதனால் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுப் படிப்பை விடாதீர்கள். பி.காம். படித்தவர்கள் சமூகப்பணியில் முதுகலை சேருங்கள். களம் அறிந்து கணக்கும் அறிந்தவரைத்தான் நிறுவனங்கள் தேடுகின்றன.

வரும் ஞாயிறு மாலை நூலகத்தில் உட்காருவோம். மழைக்காலக் கல்விக் கட்டணத்துக்கு ஒரு திட்டம் எழுதுவோம். பட்ஜெட்டையும் நாமே போடுவோம். தாய்மார்களே, நீங்களும் வாருங்கள். ஐப்பசியில் ஒரு வீட்டுக்கு எவ்வளவு துண்டு விழுகிறது என்று உங்களை விட்டால் யார் சொல்வார்கள்?