வேலையைப் பார்த்தவர் சொல்



அவிநாசி, திருப்பூர் வட்டாரத்தில் பத்துப் பதினைந்து ஆண்டு பனியன் தொழிலில் ஊறிய ஒரு டையிங் மாஸ்டரோ, மெர்ச்சண்டைசரோ, பேட்டர்ன் மாஸ்டரோ வெளிநாட்டு வேலைக்குப் போக நினைத்தால், பொதுவாக இரண்டு வழிகளில் ஒன்றைப் பிடிக்கிறார். ஜோர்டானிலோ வங்கதேசத்திலோ இருக்கும் சொந்தக்காரரைக் கூப்பிட்டு, "ஏதாச்சும் இருந்தா சொல்லுங்கண்ணா" என்று சொல்லிவைப்பது ஒன்று. லிங்க்ட்இன்னில் கணக்குத் தொடங்கி, வேலை தேடுகிறேன் என்று காட்டும் பச்சை வளையத்தைத் தன் படத்தைச் சுற்றி மாட்டிக்கொண்டு, கண்ணில் பட்ட விளம்பரத்துக்கெல்லாம் பயோடேட்டா அனுப்புவது இன்னொன்று. முதல் வழியில் ஆள் தெரியும், ஆனால் இடங்கள் குறைவு. இரண்டாவதில் இடங்களுக்குப் பஞ்சமில்லை, ஆனால் அங்கே நம்மை யாருக்கும் தெரியாது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வகை மனிதர்கள் இருக்கிறார்கள். நம் வேலையைக் கண்ணால் பார்த்தவர்கள். ஆனால் நம் உறவினரும் அல்லர், ஊர்க்காரரும் அல்லர். இவர்களைக் கைநழுவ விடாமல் வைத்துக்கொள்வதற்குத்தான் இணையத் தொழில்முறைத் தளங்கள் உண்மையில் பயன்படுகின்றன என்பது என் வாதம்.

பழக்கத்தை நம்பி வேலை தேடுவதை இந்த ஊரில் யாரும் குறைத்துப் பேச முடியாது. திருப்பூரே அப்படி வளர்ந்த ஊர்தான். பொருளியல் அறிஞர்கள் அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் திருப்பூர் பின்னலாடைத் தொழிலை ஆராய்ந்து 2004-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இந்த மண்ணில் வேரூன்றிய சமூகத்தார் அதிக முதலோடு கம்பெனி தொடங்கினார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் குறைந்த முதலோடு தொடங்கியும் அவர்களுடைய உற்பத்தி வேகமாக வளர்ந்தது என்று இந்த ஆய்வாளர்கள் கண்டார்கள். திறமை ஒரு பக்கம் இருக்க, பணம் பழக்கத்தின் வழியே போயிருக்கிறது என்பதே இதன் பொருள். வேலையும் அப்படித்தான் போகிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் இங்கே வந்து பவர் டேபிளில் உட்காரும் டெய்லர்கள் பலர், முன்னால் வந்த தங்கள் ஊர்க்காரரின் பேச்சை நம்பித்தான் ரயில் ஏறுகிறார்கள். அமெரிக்காவுக்குப் போன மெக்சிகோ தொழிலாளர்களைப் பற்றி முன்ஷி 2003-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டுகிறது. முன்பே போய் நிலைபெற்ற ஊர்க்காரர்கள் அதிகம் இருந்தால், புதிதாகப் போகிறவருக்கு வேலை கிடைக்கும் வாய்ப்பும் நல்ல சம்பளம் கிடைக்கும் வாய்ப்பும் கூடுகின்றன.

ஆனால் நெருங்கிய பழக்கத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. ஊரே ஒரே தொழிலை நம்பும்போது, கஷ்டம் வந்தால் எல்லோருக்கும் ஒன்றாக வருகிறது. 2011 ஜனவரியில், நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலப்பதை முன்னிட்டு, சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. ஒரு டையிங் மாஸ்டர் வேலைக்காக யாரிடம் கேட்பாரோ, அவரும் அன்று வேலையில்லாமல் இருந்தார். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குகள் மீதான அமெரிக்க வரி 50 சதவீதமாக உயர்ந்தபோதும், அமெரிக்க ஆர்டரை நம்பிய கம்பெனிகள் எல்லாம் ஒரே சமயத்தில் தடுமாறின. மச்சானும் பங்காளியும் நல்ல மனதோடுதான் இருந்தார்கள். ஆனால் அவர்கள் கையில் கொடுப்பதற்கு எதுவும் இல்லை. நமக்குத் தெரிந்ததே அவர்களுக்கும் தெரியும். நமக்குத் தெரியாத இடத்திலிருந்து சேதி கொண்டுவர அவர்களால் முடியாது.

இதை முதலில் எண்களோடு சொன்னவர் அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர். பாஸ்டன் நகரை ஒட்டிய நியூட்டனில், அண்மையில் வேலை மாறிய படித்த ஊழியர்களிடம் அவர் விசாரித்தார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்தவர்கள் ஏறக்குறைய 17 சதவீதம் பேர் மட்டுமே. எப்போதாவது சந்தித்தவர்கள் பாதிக்கு மேல். மிக அரிதாகச் சந்தித்தவர்கள் 28 சதவீதம். 1973-இல் வந்த இந்தக் கட்டுரையின் முடிவை, ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து லிங்க்ட்இன் தளத்திலேயே ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். ஐந்தாண்டுக் காலம், 2 கோடிப் பேர், 200 கோடிப் புதிய தொடர்புகள், 6 லட்சம் புதிய வேலைகள் என்று விரிந்த அந்த ஆய்வு 2022-இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. அதன் முடிவு, தொடர்பு எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது என்பதல்ல. நெருங்கியவரும் அல்லாத, அறவே அறியாதவரும் அல்லாத, ஓரளவு பழகியவர்தான் வேலை மாற அதிகம் உதவுகிறார். இன்னொன்றையும் அந்த ஆய்வு சொன்னது. கணினி சார்ந்த துறைகளில் தூரத்துத் தொடர்புகளுக்குப் பலன் அதிகம்; அவ்வளவாகக் கணினி சாராத துறைகளில் நெருங்கிய தொடர்புகளுக்கே பலன் அதிகம்.

இந்தக் கடைசி வரி என் வாதத்துக்கு எதிரானது போலத் தோன்றலாம். பனியன் தொழில் சாஃப்ட்வேர் தொழில் அல்லவே! சாயத் தொட்டியும் கட்டிங் டேபிளும் உள்ள இடத்தில், ஆளைப் பார்க்காமல் யார் வேலை தருவார்கள்? நியாயமான கேள்வி. ஆனால் ஆலைத் தொழிலில் நெருக்கம் ஏன் எடுபடுகிறது என்று யோசித்தால் விடை கிடைக்கும். ஒரு மாஸ்டரின் கைப்பக்குவத்தைச் சான்றிதழ் காட்டாது. பார்த்தவர் சொன்னால்தான் உண்டு. ஆக, அங்கே மதிப்புப் பெறுவது உறவு அல்ல, சாட்சி. அந்தச் சாட்சி உறவுக்கு வெளியிலும் இருக்கலாம். அவிநாசி வட்டாரத்தில் அது தினமும் கம்பெனி வாசலுக்கே வந்து போகிறது. ஷிப்மென்டுக்கு முன் பையர் தரப்பிலிருந்து தரம் பார்க்கும் க்யூ.சி. வருகிறார். தனக்குப் பிடித்த பெட்டிகளைத் தானே எடுத்துத் திறக்கிறார். அளவு டேப்பைப் போட்டுச் செஸ்ட்டையும் லெங்த்தையும் பார்க்கிறார். ஒப்புதல் பெற்ற நிற மாதிரியான ஷேடு பேண்டை விளக்கடியில் வைத்து ஒப்பிடுகிறார். ஒரு சீமில் பஞ்சர் இருக்கிறது என்று அவர் பீஸை நீட்டும்போது, நம் ஆள் பதறி மறுக்கிறாரா, அல்லது எந்த லைனில், எந்த ஊசியால் வந்தது என்று சொல்லி அந்த லாட்டைத் தனியே பிரிக்கிறாரா என்பதை அவர் கவனிக்கிறார். மூன்று மணி நேரத்தில் அவர் நம்மைப் பற்றித் தெரிந்துகொள்வது எந்த இன்டர்வியூவிலும் தெரியவராது.

அந்தக் க்யூ.சி. இரண்டாண்டில் டாக்காவுக்கோ ஹோசிமின் நகருக்கோ மாறிப் போகக்கூடும். சாயக் கெமிக்கல் கம்பெனியின் டெக்னீஷியன், நிட்டிங் மெஷினைப் பொருத்த வரும் இன்ஜினியர், எஸ்.ஜி.எஸ்., இன்டர்டெக் போன்ற பரிசோதனை நிறுவனங்களின் ஆட்கள், பையிங் ஆபீஸில் இருந்தவர்கள் எல்லோரும் இப்படி இடம் மாறுகிறவர்கள்தான். முன்பெல்லாம் அவர்கள் கொடுத்த விசிட்டிங் கார்டு மேசை டிராயரில் போய்ச் சேரும். நம்பர் மாறியதும் தொடர்பு அறுந்துவிடும். இணையத் தளத்தில் ஆள் இடம் மாறினாலும் விலாசம் மாறுவதில்லை. அதற்கு மேல் அங்கே மாயம் எதுவும் இல்லை. முன்பின் தெரியாத ஐயாயிரம் பேரைச் சேர்ப்பதைவிட, நம் வேலையைப் பார்த்த ஐம்பது பேரைச் சேர்ப்பது மேல். வேலை போன பிறகு அல்ல, வேலையில் இருக்கும்போதே சேர்க்க வேண்டும். அவர்களிடம் எடுத்த எடுப்பில் "வேலை வாங்கிக் கொடுங்கள் சார்" என்று கேட்பது அவர்களைச் சங்கடப்படுத்தும். "உங்கள் நாட்டில் காட்டன் டையிங் யூனிட்டுகள் எப்படி இருக்கின்றன, என்ன மாதிரி ஆட்களைத் தேடுகிறார்கள்?" என்று கேட்டால் பதில் சொல்வது சுலபம். வேலை பற்றிய சேதியும் பெரும்பாலும் அந்தப் பதிலோடுதான் வரும்.

அடுத்து, தளத்தில் தொடங்கும் கணக்கில் என்ன எழுதுவது? "ஜவுளித் துறையில் 15 ஆண்டு அனுபவம், கடின உழைப்பாளி" என்று எழுதினால் அது எல்லோருக்கும் பொருந்தும். ஆகவே யாரையும் காட்டாது. டையிங் மாஸ்டர் என்றால் எந்த மெஷின், எத்தனை கிலோ கொள்ளளவு, தண்ணீர் விகிதம் என்ன, நூறு பேட்சில் மறுசாயம் போடாமல் முதல் தடவையிலேயே ஷேடு சேர்ந்தவை எத்தனை என்று எழுதட்டும். மெர்ச்சண்டைசர் என்றால் ஒரு சீசனுக்கு எத்தனை ஸ்டைல், சாம்பிளிலிருந்து ஷிப்மென்ட் வரை எத்தனை நாள், எந்த நாட்டுச் சந்தை என்று எழுதட்டும். கழிவுநீரில் ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிக்கும் முறையில் வேலை பார்த்த அனுபவம், 2011-க்குப் பிறகு திருப்பூர்க்காரருக்குக் கட்டாயமாக வந்து சேர்ந்த பெருமதிப்புள்ள அறிவு. அதை எழுதாமல் விடுகிறவர்கள் அதிகம். அதே நேரம் பையரின் ஸ்டைல் நம்பர், டிசைன், விலை இவற்றைப் பொதுவில் போடக்கூடாது. அப்படிப் போடுகிறவரை எந்தக் கம்பெனியும் நம்பாது.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். பெயரைப் பார்த்தே ஒதுக்குகிற நாட்டில் இதெல்லாம் எடுபடுமா என்று கேட்கலாம். ஒதுக்கல் இருப்பது உண்மை. கனடாவின் டொரன்டோ பகுதியில் பிலிப் ஓரியோபௌலோஸ் என்ற ஆய்வாளர் ஆயிரக்கணக்கான மாதிரி பயோடேட்டாக்களை அனுப்பிச் சோதித்தார். ஆங்கிலப் பெயரும் கனடாப் படிப்பும் அனுபவமும் இருந்தால் 16 சதவீதம் பயோடேட்டாக்களுக்கு நேர்காணல் அழைப்பு வந்தது. இந்திய, சீன, பாகிஸ்தானியப் பெயரோடு அதே கனடாப் படிப்பும் அனுபவமும் இருந்தால் 11 சதவீதம். அந்தப் பெயர்களோடு படிப்பும் அனுபவமும் வெளிநாட்டினது என்றால் 5 சதவீதம். பெயரால் வரும் இழப்பை எந்தத் தளமும் துடைத்துவிடாது. அது அந்தச் சமூகம் திருத்த வேண்டிய அநீதி. ஆனால் 5-க்கும் 11-க்கும் உள்ள இடைவெளியின் பெரும்பகுதி அனுபவம் எங்கே கிடைத்தது என்பதால் வருகிறது. வெளியூர் அனுபவத்தை எப்படி எடைபோடுவது என்று முதலாளிக்குத் தெரியாதபோது, தெரிந்த ஒருவர் சொல்லும் உத்தரவாதமும் அளந்து பார்க்கக்கூடிய எண்களும் அந்தத் தயக்கத்தைக் குறைக்கும் என்றே நினைக்கிறேன். முன்பின் தெரியாத இடங்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு விண்ணப்பம் அனுப்புகிறவருக்கே இந்த ஒதுக்கல் முழுமையாகச் சேதம் விளைவிக்கிறது.

ஆங்கிலம் வராதவர் என்ன செய்வார் என்பது அடுத்த கேள்வி. தொழிலின் பாஷையே பாதி ஆங்கிலம்தான். ஜி.எஸ்.எம்., ஷ்ரிங்கேஜ், லேப் டிப், கன்சம்ப்ஷன் என்று நாள் முழுவதும் பேசுகிறவருக்கு, பத்து வரி எழுதிக்கொள்வது எட்டாத காரியம் அல்ல. தெரிந்த ஒருவரிடம் கொடுத்துத் திருத்தி வாங்கிக்கொள்ளலாம். ஆனால் பவர் டேபிளில் தைக்கும் டெய்லருக்கும் செக்கிங் பெண்ணுக்கும் இந்த வழி பெரிதாகப் பயன்படாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்களுக்குப் பதிவு பெற்ற ஏஜென்டும், 1978-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமுமே பொருத்தமான வழிகள்.

மோசடிதான் இருப்பதிலேயே கனமான மறுப்பு. தாய்லாந்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை என்று சமூக ஊடக விளம்பரங்களையும் ஏஜென்டுகளையும் வைத்து இளைஞர்களை இழுத்து, மியான்மரின் மியாவாடிப் பகுதியில் சைபர் மோசடி வேலைக்கு அடைத்துவைத்ததைப் பற்றி 2022 செப்டம்பரில் மத்திய வெளியுறவு அமைச்சகம் எச்சரித்தது. அடுத்த மாதமே அப்படி மீட்கப்பட்ட தமிழர்கள் சென்னை வந்து இறங்கினார்கள். இந்த வலையில் சிக்கியவர்கள் தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் என்பது கவனிக்க வேண்டிய விஷயம். அங்கே விளம்பரம் இருந்தது, வேலையைப் பார்த்த சாட்சி எந்தப் பக்கமும் இல்லை. சாட்சி என்பது இரண்டு பக்கமும் வேலை செய்யும். அந்தக் கம்பெனியில் இப்போது வேலை பார்ப்பவர் யார், முன்பு இருந்தவர் யார் என்று அதே தளத்தில் தேடி, நமக்குத் தெரிந்த ஒருவர் மூலம் விசாரிக்கலாம். விசாரிக்க ஆளே கிடைக்காவிட்டால் அதுவே ஓர் எச்சரிக்கை. 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவு பெறாத ஏஜென்ட் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பது குற்றம். பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே வாங்கலாம். மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் ஏஜென்டின் பதிவைச் சரிபார்க்கலாம். டூரிஸ்ட் விசாவில் போங்கள், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்று எவர் சொன்னாலும் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுவது நல்லது.

கடைசியாக, பழக்கிவிட்ட ஆட்களை இப்படிக் கிளப்பிவிட்டால் இங்கே தொழில் என்னாவது என்று முதலாளிகள் கேட்கக்கூடும். ஆண்டுக்கு ஏறக்குறைய 40,000 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்யும் ஊருக்கு அந்தக் கவலை இருப்பது இயல்பு. ஆனால் போகிறவர் தொலைந்து போகிறவர் அல்லர். இங்கே தொழில் கற்றவர் நாளை வெளிநாட்டில் ஒரு பையிங் ஆபீஸில் உட்கார்ந்தால், அவிநாசியின் சாம்பிளைப் புரிந்துகொண்டு பேச ஓர் ஆள் கிடைத்தார் என்று பொருள். ஆளை நிறுத்திவைக்க வேண்டுமானால் சம்பளத்தாலும் மரியாதையாலும் நிறுத்தலாம். தன் வேலையைத் தானே எழுதிவைக்கக் கூடாது என்று தடுப்பதால் முடியாது.

ஆகவே, உறவை விட்டுவிடச் சொல்லவில்லை. முகம் தெரியாத கூட்டத்தை நம்பச் சொல்லவும் இல்லை. உங்கள் வேலையைப் பார்த்துவிட்டு இடம் மாறிப் போனவர்கள் யார் யார் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அவர்களைத் தேடிச் சேருங்கள். அவர்கள் தயங்காமல் எடுத்துச் சொல்லும்படி உங்கள் வேலையைக் கணக்கோடு எழுதிவையுங்கள். ஏற்கெனவே வெளியே போய் நிலைபெற்றவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. பின்னால் வருகிறவர் கேட்கும்போது, தெரிந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். தெரியாதவருக்காகப் பொய்ச் சாட்சி மட்டும் சொல்லாதீர்கள். ஒருவர் சொல்லும் பரிந்துரைக்கு மதிப்பு இருக்கும்வரைதான் அடுத்தவருக்கு அந்த வழி திறந்திருக்கும்.