மூலத்தின் அருகே மலர்ந்த சிறகுகள்



மூலத்தில் பிறந்த பெண் மாமனாருக்கு ஆகாள் என்று ஜாதகத்தைத் திருப்பியனுப்பும் வழக்கம், ஊர்விட்டுப் பெங்களூர் வந்த நம் குடும்பங்களையும் விட்டபாடில்லை. அந்த மூலத்தை வானில் கண்டவர் நம்மில் எத்தனை பேர்?

ஆனி மாத இரவில் தென்திசையை நோக்குங்கள். விருச்சிகத்தின் வளைந்த வால் தெரியும். அவ்வால் விண்மீன்களே மூலம். அவற்றின் அருகே, சில ஆயிரம் ஒளியாண்டுகளுக்கு அப்பால், வெறுங்கண்ணுக்குப் புலப்படாத வண்ணத்துப்பூச்சி நெபுலா விரிந்து கிடக்கிறது. முதுமையுற்ற விண்மீன் ஒன்று தன் மேனியை வாயுவாக உதிர்த்தது. 2 இலட்சம் பாகைக்கு மேல் கொதிக்கும் அதன் உட்கரு அவ்வாயுவை ஒளிரச் செய்கிறது. சிறு தொலைநோக்கியில் கோள்போல் தோன்றியமையால் இவ்வகையைக் கோள் நெபுலா என்றனர். கோள்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

2015இல் விண்ணேறிய ஆஸ்ட்ரோசாட்டில், நம் கோரமங்கலா இந்திய வானியற்பியல் நிறுவனத்தார் அமைத்த புற ஊதாத் தொலைநோக்கி இதனை நோக்கிற்று. முன்பு அறிந்த சிறகுகளுக்கு அப்பாலும் மங்கலான பெருஞ்சிறகுகள் நீண்டிருப்பதை ஆய்வாளர் 2018இல் வெளியிட்டனர். அவை அவ்விண்மீன் முன்னரே உதிர்த்தவற்றின் எச்சமாகலாம் என்பது அவர்தம் கருத்து.

இத்தகைய விண்மீன்கள் உதிர்க்கும் கரியும் நைட்ரஜனும் விண்வெளியில் கலந்து, புதிய கதிரவன்களுக்கும் உலகங்களுக்கும் பொருளாகின்றன. நம் உடலிலும் அக்கொடை உண்டு. மூலத்தின் திசையில் வானம் காட்டுவது இந்த ஈகையைத்தான்.

ஆகவே, பெருமக்களே, அடுத்த ஜாதகம் உங்கள் இல்லம் தேடி வரும்போது பெண்ணின் பண்பையும் கல்வியையும் கேளுங்கள். அவள் விருப்பத்தையும் கேளுங்கள். மூலமா என்று மட்டும் கேளாதீர்கள்.