ஒளித்துகளை எண்ணியவர் ஊர்மொழியில் பேசினார்
(சொற்பொழிவின் எழுத்துவடிவம்)



பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் ஒருவர் கண்டறிந்த உண்மை யாருக்கு உரியது? கண்டவர்க்கு மட்டுமா? அவர் துறையைச் சார்ந்த நூறு பேர்க்கா? அன்றி, அவ்வாய்வுக்கூடத்தின் செங்கல்லுக்கும் கண்ணாடிக் குழாய்க்கும் தம் வியர்வையை வரியாய் ஈந்த உழவர்க்கும் நெசவாளர்க்கும் உரியதா? இவ்வினாவிற்கு வாயால் விடை கூறியோர் பலர். வாழ்வால் விடை கூறியோர் சிலர். அச்சிலருள் முன்வரிசையில் நிற்பவர், வங்கத்து இயற்பியல் அறிஞர் சத்தியேந்திரநாத் போசு.

1894 சனவரி முதல்நாள் கல்கத்தாவிற் பிறந்தவர் அவர். ஆங்குள்ள மாநிலக் கல்லூரியில் செகதீசு சந்திர போசு, பிரபுல்ல சந்திர இராய் ஆகிய பேரறிஞர்களிடம் பயின்றார். கம்பியில்லா அலைகள் சுவரையும் ஊடுருவிச் சென்று மணியை அடிப்பதைக் கல்கத்தா நகர மன்றத்தில் மக்கள் கண்முன் செய்து காட்டியவர் செகதீசர். தம் அறிவியற் கருத்துகளை வங்க மொழியிற் கட்டுரைகளாக வரைந்து 1921-இல் நூலாக வெளியிட்டவரும் அவரே. அத்தகைய ஆசிரியரின் மாணவர், கற்றதைத் தம்மோடு பூட்டி வைத்துக்கொள்வரோ?

அந்நாளில் ஐன்சுடைனின் சார்பியற் கொள்கையை மூலத்திற் கற்க விரும்பியோர்க்குச் செருமன் மொழியறிவு இன்றியமையாததாக இருந்தது. போசும், அவரோடு பயின்ற மேகநாத சாகாவும் செருமன் கற்றனர். கற்றதோடு நில்லாமல், ஐன்சுடைன், மிங்கோவிசுக்கி ஆகியோரின் கட்டுரைகளை ஆங்கிலத்திற் பெயர்த்தனர். அம்மொழிபெயர்ப்பைக் கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1920-இல் நூலாக்கியது. அடுத்த ஆண்டு, புதிதாய்த் தோன்றிய தாக்காப் பல்கலைக்கழகத்திற்குப் போசு ஆசிரியராய்ச் சென்றார்.

அங்கு வகுப்பறையிலேதான் அவருடைய பெருங்கண்டுபிடிப்பு முளைத்தது. அது யாது என்பதை இவ்வவையிலுள்ள ஒவ்வொருவரும் அறிந்துகொள்ள இயலும். அறிய இயலாது என்பார் கூற்றைப் பொய்யாக்கவேனும் அதனை இங்குச் சொல்லியாக வேண்டும்.

கொல்லன் உலையில் இரும்பைக் காய்ச்சும்போது அது முதலிற் செந்நிறமாகவும், பின் மஞ்சளாகவும், மேலும் காய வெண்மையாகவும் ஒளிர்வதைக் காணாதார் இல்லை. எந்த வெப்பநிலையில் எந்த நிறத்து ஒளி எவ்வளவு வெளிப்படும் என்பதற்குச் செருமானிய அறிஞர் மாக்சு பிளாங்கு 1900-இல் ஒரு சமன்பாடு கண்டார். சமன்பாடு சரியாயிருந்தது, ஆனால், அதனை வருவித்த வழியிற் பழைய அலைக்கொள்கையும் புதிய துகட்கொள்கையும் ஒன்றோடொன்று ஒட்டாமற் கலந்து கிடந்தன. மாணவர்க்கு அதனைக் கற்பிக்கப் புகுந்த போசுக்கு அந்த ஒட்டு மனநிறைவு தரவில்லை. ஒளியைத் துகள்களாகவே கொண்டு, அத்துகள்களை எண்ணும் முறையை மட்டும் மாற்றினார். முழுச் சமன்பாடும் இயல்பாய் வந்து நின்றது!

எண்ணும் முறையில் என்ன மாற்றம்? இரண்டு குடங்கள், அவற்றில் இடுவதற்கு இரண்டு மணிகள். ஒன்று சிவப்பு, மற்றொன்று நீலம். எத்தனை வகையாய் இடலாம்? இரண்டும் முதற்குடத்தில், இரண்டும் அடுத்த குடத்தில், சிவப்பு முதலதிலும் நீலம் அடுத்ததிலும், நீலம் முதலதிலும் சிவப்பு அடுத்ததிலும். ஆக நான்கு வகை. அவற்றுள் இரு மணிகளும் ஒரே குடத்திற் சேர்ந்திருப்பவை இரண்டு. நான்கில் இரண்டு, அஃதாவது பாதி. இனி, எவ்வாற்றானும் வேறு பிரித்தறிய இயலாதவை அம்மணிகள் என்று கொள்க. 'இது அங்கே, அது இங்கே' என்று சொல்ல வழியில்லை. ஆகவே பின்னைய இரு வகைகளும் ஒன்றாகிவிடுகின்றன. மொத்தம் மூன்றே வகை. சேர்ந்திருப்பவை மூன்றில் இரண்டு! ஒளித்துகள்கள் இவ்வாறு பிரித்தறிய இயலாதவை என்பதும், ஆதலின் அவை கூடி நிற்கும் வாய்ப்பு மிகுதி என்பதுமே அவ்வெண்ணல் முறையின் உட்பொருள். இதனைச் சொல்ல எத்தனை அயற்சொல் வேண்டியிருந்தது?

போசு தம் கட்டுரையை ஆங்கிலத்தில் எழுதி, 1924 சூன் 4-ஆம் நாளிட்ட மடலுடன் ஐன்சுடைனுக்கு விடுத்தார். முன்பின் அறியாத ஓர் இளம் ஆசிரியரின் தாளை உலகப் பெரும் அறிஞர் என் செய்தார்? தாமே அமர்ந்து அதனைச் செருமன் மொழியிற் பெயர்த்து, அதன் சிறப்பைக் குறித்துத் தம் குறிப்பும் சேர்த்து, அவ்வாண்டே அந்நாட்டு இயற்பியல் இதழில் வெளிவரச் செய்தார். மொழிபெயர்ப்பு என்றால் இரண்டாந்தரப் பணி என எண்ணுவோர் இந்நிகழ்ச்சியை நெஞ்சிற் பொறித்துக்கொள்வாராக! ஐன்சுடைனைப் போசு பெயர்த்தார்; போசை ஐன்சுடைன் பெயர்த்தார். அறிவு வளர்ந்தது.

இன்று, அடிப்படைத் துகள்களின் இரு பெருங்குலங்களுள் ஒன்று போசின் பெயரால் 'போசான்' என்று வழங்குகின்றது. அவ்வெண்ணல் முறையைப் பின்பற்றி ஐன்சுடைன் முன்னுரைத்த புதிய பொருள்நிலை, 1995-இல் அமெரிக்காவின் கொலராடோவில், ஒரு பாகையின் கோடியில் இரண்டு கூறிற்கும் குறைந்த கடுங்குளிரில், உருபீடிய அணுக்களைக் கொண்டு உண்டாக்கப்பட்டது. 2012 சூலையில் செனீவாவை அடுத்த ஆய்வகம் அறிவித்த இக்சுத் துகளும் போசான் குலத்ததே.

இத்துணைப் புகழ் பெற்றவர், தம் துறையோரோடு மட்டும் பேசிக்கொண்டு இருந்திருக்கலாம். அவ்வாறு இருந்திலர். இரவீந்திரநாத் தாகூர் மக்களுக்கென வங்கத்தில் எழுதிய 'விசுவ பரிச்சய்' எனும் அறிவியல் நூலை 1937-இல் போசுக்கே படையலாக்கினார். 1945-இற் கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற்குத் திரும்பிய போசு, நாடு விடுதலையுற்ற மறு ஆண்டே, 1948 சனவரியில், வங்க அறிவியல் கழகத்தைத் தோற்றுவித்தார். 'அறிவும் அறிவியலும்' என்று பொருள்படும் பெயரோடு அக்கழகத்தின் திங்களிதழ் அவ்வாண்டே மலர்ந்தது. பள்ளிச் சிறுவனும் இல்லத்தரசியும் படிக்கத்தக்க கட்டுரைகள் அதில் வந்தன. அதனோடு அமையாது, 1963-இல் ஆய்வுக்கட்டுரைகள் மட்டுமே அடங்கிய சிறப்பிதழ் ஒன்றையும் வங்க மொழியிலேயே வெளியிட்டுக் காட்டினர். பல்கலைக்கழக உயர்வகுப்பிலும் போசு வங்கத்திற் பாடம் நடத்தினார். 1962-இற் சப்பானுக்குச் சென்றவர், அந்நாட்டு அறிஞர்கள் தம் தாய்மொழியிலேயே அறிவியலைக் கலந்துரையாடுவதைக் கண்டு திரும்பி, அதனைத் தம் மக்களுக்கு எடுத்துரைத்தார்.

தடைகூறியோர் இல்லாமலா இருந்தனர்? எங்கும் எழும் தடைகள் மூன்று.

கலைச்சொல் இல்லை என்பது முதல் தடை. கலைச்சொற்கள் யாவும் அமைந்த பின்னரே எழுதுவோம் என்று வங்க அறிஞர் காத்திருக்கவில்லை. எழுத எழுதச் சொல் பிறந்தது. நீந்தக் கற்ற பின்னரே நீரில் இறங்குவேன் என்பான் என்று நீந்துவான்?

மக்கள்மொழியிற் சொன்னால் அறிவியலின் தரம் தாழும் என்பது இரண்டாம் தடை. பதுவைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியராயிருந்த கலிலியோ, தொலைநோக்கியாற் கண்டவற்றை 1610-இல் இலத்தீனில் வெளியிட்டார். பின்னர், ஞாயிறு நடுவமா நிலவுலகு நடுவமா என்னும் பெருவழக்கை விளக்கிய 1632-ஆம் ஆண்டு நூலை, இலத்தீன் அறியாதாரும் படிக்க இத்தாலிய மொழியில் வரைந்தார். அதனால் அவர் அறிவியல் தாழ்ந்ததா? தாழவில்லை, அஞ்சியவர்கள் அந்நூலைத் தடைசெய்தார்கள். மக்களுக்குப் புரிந்துவிடும் என்னும் அச்சமே தடைசெய்யத் தூண்டும் அளவிற்கு மக்கள்மொழிக்கு ஆற்றல் உண்டு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

உலகத் தொடர்பு அறுந்துபோம் என்பது மூன்றாம் தடை. போசு உலகோடு பேச ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுதினார். தம் ஊரோடு பேச வங்கத்தில் எழுதினார். வாயில் ஒன்று திறந்திருப்பதால் மற்றொன்றை அடைத்தாக வேண்டும் என்பது எந்த வீட்டு வழக்கம்?

அவையீர்! இது வங்கத்தார் பெருமை பேசி அமையும் செய்தி அன்று. போசு தாக்காவிற் பணியாற்றிய நாளில், 1928-ஆம் ஆண்டின் இறுதி தொட்டு 1933 வரை, அதே இயற்பியல் துறையிற் படிகங்களின் காந்தப் பண்பை ஆய்ந்தவர் ஒரு தமிழர். வத்திராயிருப்பிற் பிறந்த கே.எசு. கிருட்டிணன். உலகம் மதிக்கும் ஆய்வாளரைத் தமிழ்நிலமும் ஈன்றிருக்கின்றது, இன்றும் ஈன்றுகொண்டிருக்கின்றது. அவர்களுட் பலர் ஆய்வு இன்றும் அயல்மொழித் தாள்களிலேயே உறங்குகின்றது. பெற்ற தாயே, 'நீ பகலெல்லாம் என்னதான் செய்கின்றாய், மகனே?' என்று வினவினால், விடைகூற ஒரு சொற்றொடர் தமிழில் அமையாது திகைப்போர் எத்துணைப் பேர்! அத்திகைப்பு தாயின் அறியாமை அன்று.

அறிவியலாளர் வாய் மூடியிருக்குமிடத்தில் வெற்றிடம் இருப்பதில்லை. அங்குப் பொய் மருத்துவன் பேசுகின்றான். கோள் கணித்துக் காசு பறிப்பவன் பேசுகின்றான். அவர்கள் மக்கள்மொழியில், மக்கள் நெஞ்சைத் தொடும்படி பேசுகின்றார்கள். உண்மையறிந்தவன் விளங்காத மொழியில் முணுமுணுக்க, பொய்யன் விளங்கும் மொழியில் முழங்கினால், ஏழை எவன் பின் செல்வான்? அவன் நோயுற்ற குழந்தையைத் தூக்கிக்கொண்டு எந்த வாயிலில் நிற்பான்? அக்குழந்தையின் உயிர்க்கு யார் விடை சொல்வது?

ஆகவே, பல்கலைக்கழகத்தார் ஆண்டுக்கு ஒரு நாளேனும் தம் ஆய்வைச் சிற்றூர்ப் பள்ளித் திண்ணையில் வந்து விளக்கட்டும். ஆய்வேட்டின் முகப்பில், அதன் கருத்து இரண்டு பக்க அளவிலேனும் நல்ல தமிழில் இடம்பெறட்டும். கேட்போரும் வாய்பொத்திக் கேளாமல், 'ஏன்? எப்படி? என்ன சான்று?' என்று வினவட்டும். வினவப்படும் அறிஞனே தன் அறிவின் ஓட்டையை உணர்வான்; தாக்கா வகுப்பறையில் மாணவர்க்கு விளக்கப் புகுந்த இடத்தில்தான் பிளாங்கின் சமன்பாட்டிலிருந்த ஒட்டு ஒருவர் கண்ணிற் பட்டது.

1974 பிப்பிரவரி 4-இற் போசு மறைந்தார். அவர் நிறுவிய கழகமும் இதழும் அவர்க்குப் பின்னும் தொடர்ந்தன. அவர் எண்ணிய ஒளித்துகள்களுக்கு மொழியில்லை. அவற்றைப் பற்றி அறியும் உரிமையுள்ள மக்களுக்கு மொழி உண்டு. அம்மொழியிற் பேசுக, அறிஞர்களே! கேட்கச் செவிகள் இருக்கின்றன.