சிறுநீர்ப்பைக் கோளாறுள்ள குழந்தைகளும் மருத்துவ வழிகாட்டிகளும்

(ஜொகூர் பாருவில் அறநிலைய ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள், சபையில் பேசக் கூச்சப்படும் பொருள். கூச்சத்தால் பேசாமல் விட்டால் பாதிக்கப்படுவது குழந்தையின் சிறுநீரகம். ஆகவே பொறுமையுடன் செவிமடுக்க வேண்டுகிறேன்.

சில குழந்தைகள் முதுகெலும்பு முழுமையாக மூடாத நிலையில் பிறக்கின்றன. இதனை ஸ்பைனா பைஃபிடா என்பர். இவர்களில் பெரும்பாலோருக்குச் சிறுநீர்ப்பையின் நரம்புகள் சரியாக இயங்குவதில்லை. பை முழுதும் காலியாகாது. உள்ளே அழுத்தம் கூடும். சிறுநீர் மேல்நோக்கித் திரும்பிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தாயின் கண்ணுக்குத் தெரிவது நனைந்த துணி மட்டுமே. உள்ளே நடக்கும் கேடு வலியின்றி நடக்கக்கூடியது.

1972-ஆம் ஆண்டு மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஜாக் லாப்பிடிஸ், நாளில் பல முறை மெல்லிய குழாய் செலுத்திச் சிறுநீரை வெளியேற்றும் முறையை வெளியிட்டார். கழுவிய கையும் சுத்தமான குழாயும் போதும் என்றார். இதனால் மருத்துவமனை வேலை வீட்டிலேயே தாய் செய்யும் வேலையாயிற்று.

குழாயை எப்போது தொடங்குவது? பிறந்தவுடனா, கேடு தெரிந்த பிறகா? அழுத்தச் சோதனை எத்தனை நாளுக்கொரு முறை? இவற்றுக்கு விடை தருவனவே மருத்துவ வழிகாட்டிகள். மலேசிய மருத்துவமனைகளுக்கான குழந்தை மருத்துவ நெறிமுறை நூலிலும் இதற்கென ஓர் அத்தியாயம் உண்டு.

வழிகாட்டி என்று அச்சிட்டதெல்லாம் ஒரே தரமானவை அல்ல. அவற்றை எடைபோட 2010-இல் 'அக்ரீ 2' என்னும் அளவுகோல் வந்தது. ஆறு பிரிவுகள், 23 கேள்விகள். சான்றுகளை முறையாகத் தேடினார்களா? பெற்றோரின் கருத்தைக் கேட்டார்களா? சாதாரணக் குடும்பத்தால் கடைப்பிடிக்க முடியுமா? எழுதியவர்களுக்குக் குழாய் விற்கும் கம்பெனியோடு தொடர்பு உண்டா? இப்படிக் கேட்கிறது அது.

இது வெறும் ஏட்டுச் சண்டை அன்று. ஒரே குழாயைக் கழுவி மீண்டும் பயன்படுத்தலாமா, ஒவ்வொரு முறையும் புதியது வேண்டுமா? நாளைக்கு ஐந்தாறு குழாய் என்றால் ஏழைக் குடும்பத்துக்கு இது பெரிய செலவு. இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை என்று காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 2014-இல் கூறியது. பின்னர் கணக்கில் பிழைகள் கண்டறியப்பட்டு அது மீட்டுக்கொள்ளப்பட்டது. 2021-இல் வந்த புதிய தொகுப்போ, உறுதியாகச் சொல்லப் போதிய சான்று இல்லை என்றது. அடித்தளச் சான்று தளர்ந்தால் அதன் மேல் எழுந்த வழிகாட்டியும் தளரும். சான்று எவ்வளவு வலுவானது என்பதை மறைக்காமல் சொல்வதே நல்ல வழிகாட்டி.

நன்கொடையாளர்களே, நாம் செய்யக்கூடியவை மூன்று. முதலாவது, குழாய் வாங்கிக் கொடுக்குமுன் எந்த அளவு, எந்த வகை என்று மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள். இக்குழந்தைகளில் பலருக்கு ரப்பர் லேடெக்ஸ் ஒவ்வாமை வரும். லேடெக்ஸ் கலவாததே தகும். இரண்டாவது, மருத்துவமனை தரும் விளக்கத்தை நல்ல தமிழில் அச்சிட்டுத் தாய்மார் கையில் சேர்க்க உதவுங்கள். மூன்றாவது, பள்ளியில் கதவு தாழிடும் சுத்தமான கழிவறையும் கைகழுவ நீரும் இருக்கச் செய்யுங்கள். இவை இல்லாத இடத்தில் எந்த வழிகாட்டியும் பயன்படாது.

கருத்தரிக்கும் முன்பே ஃபோலிக் அமிலம் உட்கொள்வது இக்குறைபாட்டைப் பெருமளவு தடுக்கும் என 1991-இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வு மெய்ப்பித்தது. மணமாகும் நம் பெண்மக்களுக்கு இதையும் சொல்லி வையுங்கள்.