நேரமும் உழைப்பாளியும்

காலந்தவறாமை பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். தலைமையாசிரியர் ஒருவரிடம் இத்தலைப்பைக் கொடுத்தால், மணியடித்தவுடன் வகுப்பில் இருக்க வேண்டும் என்றுதான் தொடங்குவார் என எதிர்பார்த்திருப்பீர்கள். அதையும் சொல்வேன். ஆனால் அதற்கு முன்பாக ஒரு வினா இருக்கிறது. வேலை நடக்கும் இடத்தில் யாருடைய நேரத்துக்கு மதிப்புத் தரப்படுகிறது? "இவர்களுக்கு நேர உணர்வு கிடையாது, அதனால்தான் வேலை ஓடவில்லை" என்னும் பழிச்சொல்லை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். விடியுமுன் ஏர் பூட்டப் போய், இருட்டியபின் வீடு திரும்பியவர்களின் பிள்ளைகளைப் பார்த்துச் சொல்லப்படும் பழி அது.

எடுத்துக்காட்டுக்கு நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. கச்சிராயபாளையத்தில் கள்ளக்குறிச்சி இரண்டாவது கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. கரும்பு என்பது நேரத்தோடு பிறந்த பயிர். வெட்டிய கணத்திலிருந்து அதன் எடையும் சர்க்கரைச் சத்தும் குறையத் தொடங்குகின்றன. வெயில் காலத்தில் இன்னும் விரைவாக. வெட்டிய ஒரு நாளுக்குள் அரைத்துவிடுவது நல்லது என்பர். ஆதலின் அரவைப் பருவத்தில் ஆலை இரவும் பகலும் ஓடுகிறது. ஆலைக்குள் பணியாற்றுவோர்க்கு முறைவேலை உண்டு. முறை முடிந்தால் அடுத்தவர் வந்து பொறுப்பேற்பார். வெளியே கரும்பு வெட்டுவோர் நிலைமை என்ன? அவர்களுக்கு டன் கணக்கில் கூலி. வெட்டு உத்தரவு தாமதமானாலும், வண்டி வராவிட்டாலும், ஆலையில் பழுது ஏற்பட்டு அரவை நின்றாலும் அரிவாளோடு வரப்பில் உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. ஆலையின் ஒரு மணி நேரத்துக்கு விலை உண்டு. வெட்டுகிறவரின் ஒரு நாளுக்கு விலை இல்லை. உத்தரவு வந்தவுடனோ, நேற்றே வந்திருக்கக் கூடாதா என்று அவரை விரட்டுவார்கள்.

இந்தக் காத்திருப்பு அறிவையே வாட்டும் என்று சொன்னால் மிகைப்படுத்துவதாக எண்ணுவீர்கள். 2013ஆம் ஆண்டில் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளில் 464 கரும்பு விவசாயிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு அது. அன்று நம் ஊரும் விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருந்தது என்பதை நினைவிற்கொள்க. அறுவடைக்கு முன்பு கையில் காசில்லாத நாட்களில் ஒரு முறை, அறுவடைப் பணம் வந்தபின் ஒரு முறை என அதே மனிதர்களுக்கு அறிவுத் தேர்வு வைத்தார்கள். முன்னைய தேர்வில் மதிப்பெண் குறைவாகவே இருந்தது. மனிதர் மாறவில்லை, கவலைதான் மாறியது. முடிவின் அளவைப் பற்றி அறிஞரிடையே விவாதம் உண்டு. அவ்வாய்வு சொன்னது பணமுடையைப் பற்றியே. ஆனால் யாருக்கு எந்த மாதம் வெட்டு என்று குறிப்பது ஆலை. அதனால் பணம் வரும் நாளைக் குறிப்பதும் அதுவே. மந்தமானவர் என்று ஒருவரை ஏசுமுன், அவருடைய நாட்காட்டி யார் கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டாவா?

வேலை நேரம் தானாகக் குறைந்ததில்லை. 1918இல் பி. பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது, நண்பகல் உணவுக்கு விடப்பட்ட அரைமணி நேரம் போதவில்லை என்பது ஆலைத் தொழிலாளரின் முதற் குறைகளுள் ஒன்று. 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்தவர் அண்ணல் அம்பேத்கர். ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைகளில் வாரத்துக்கு 54 மணியாக இருந்த வேலை, 1946ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் 48 மணியாயிற்று. அதனால் உற்பத்தி படுத்துவிடும் என்று அஞ்சியவர்கள் உண்டு. ஆனால் முதல் உலகப் போரின்போதே இங்கிலாந்தின் ஆயுதச் சாலைகளில் ஆராய்ந்தவர்கள், நீண்ட நேரம் வேலை வாங்குவதால் விளைச்சல் அதற்கேற்பக் கூடுவதில்லை என்று கண்டிருந்தார்கள். களைத்த கை மெதுவாகத்தான் நகரும், தவறும் செய்யும். இருந்தும் 2023 ஏப்ரல் 21ஆம் நாள் நம் சட்டமன்றத்திலேயே பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நிறைவேறியது. எதிர்ப்பு எழுந்தது, மே நாளன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார்.

சுற்றுக் கிராமங்களின் தாய்மார்களுக்கு வேறோர் அனுபவம் உண்டு. நூறுநாள் வேலைத் திட்டத்தில் 2023 சனவரி முதல் நாளுக்கு இருமுறை கைப்பேசியில் படமெடுத்து வருகை பதிவது கட்டாயமாக்கப்பட்டது. கூலியோ வெட்டிய மண்ணை அளந்து தரப்படுவது. விடியற்காலையில் வந்து, வெயில் ஏறுமுன் அளவை முடித்தவர்களும் இரண்டாம் படத்துக்காகக் காத்துக் கிடந்தார்கள். சமிக்ஞை கிடைக்காவிட்டால் செய்த வேலையே செய்யாத வேலையாயிற்று. விரைந்து முடித்தவர்க்குப் பயன் ஏதுமில்லை என்றால், மறுநாள் யார் விரைவார்? போலி வருகையைத் தடுக்க வேண்டும் என்னும் நோக்கத்தை நான் குறை கூறவில்லை. நேரத்தைக் காவல் காப்பது வேறு, மதிப்பது வேறு.

மாணவர்களே, உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அலுவலகத்துக்கோ ஆலைக்கோ போகும்போது பத்து நிமிடம் முன்னதாகவே போங்கள். நம்மில் ஒருவர் ஒருநாள் பிந்தினால் அது ஒரு தெருவின் குணமாகப் பேசப்படும். இந்த அநீதி இன்னும் தீரவில்லை. அதே சமயம் மிகைநேர வேலைக்கு இருமடங்கு ஊதியம் என்பது சட்டம். அதைக் கேட்கத் தயங்காதீர்கள். நாளை நீங்களே அதிகாரியாக அமரும்போது, மனுவோடு வந்தவரை "நாளை வா" என்று அனுப்புமுன், அந்த நாளைக்கு அவர் இழக்கப்போகும் கூலியை நினைத்துப் பாருங்கள்.

ஆசிரியர்களாகிய எங்களுக்கும் இது பொருந்தும். வெட்டுப் பருவத்தில் தாய் இருட்டோடு கிளம்பிவிட, தம்பிக்குச் சோறூட்டிவிட்டு ஓடிவரும் சிறுமியை வாயிலில் நிறுத்தி வைப்பதால் அவள் கணக்குக் கற்றுக்கொள்வதில்லை. உள்ளே விட்டு, விட்டுப்போன பாடத்தைச் சொல்லித் தரலாம்.

நம் விழாக்களிலும் அழைப்பிதழில் ஒரு மணி அச்சிட்டுவிட்டு, விருந்தினர் வரும்வரை கூலியை விட்டு வந்தவர்களைப் பந்தலில் உட்கார வைக்கும் வழக்கம் இருக்கிறது. கழகம் இனி நடத்தவிருக்கும் மாலை வகுப்புகளின் நேரத்தை ஆசிரியர் வசதிப்படி முடிவுசெய்யாமல், கரும்பு வெட்டப் போகும் பெற்றோரைக் கேட்டுக் குறிக்குமாறு நிர்வாகிகளை வேண்டிக்கொள்கிறேன். இரவு ஏழு மணிக்குமேல் என்று அவர்கள் சொல்வார்களானால், பாடம் நடத்த நான் வருகிறேன்.