காணாமல் போன ஒரு வாரம்: பழைய புத்தகம் வாங்கி விற்பது பற்றி

இந்த வாரம் டெக் பத்திப் பேசப்போறதில்ல. "வார நாள்ல கோட் எழுதுறீங்க, சனி ஞாயிறு பழைய புத்தகம் விக்கிறீங்களாமே, அதுல என்ன கிடைக்குது?"ன்னு பல பேர் கேட்டுட்டீங்க. அதுக்குப் பதில் சொல்லணும்னா ஒரு செட் புத்தகத்தோட கதையைச் சொல்லணும். அதுல நான் செஞ்ச தப்பும் இருக்கு. அதையும் மறைக்காம சொல்லிடறேன்.

முதல்ல 'பைண்டிங்' புத்தகம்னா என்னன்னு பார்த்துடலாம். நம்ம வீடுகள்ல அந்தக் காலத்துல கல்கி, விகடன் மாதிரி பத்திரிகைகள்ல வர்ற தொடர்கதையை வாரா வாரம் கிழிச்சு எடுத்து வச்சு, கதை முடிஞ்சதும் பைண்டர்கிட்ட கொடுத்துத் தைச்சு வைப்பாங்க. இப்படி வீட்டுலயே உருவான புத்தகம் அது. 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபர் கடைசியில கல்கியில ஆரம்பிச்சு 1954 மே மாசம் வரைக்கும் வந்தது. மூன்றரை வருஷம். ஓவியம் மணியம். கதை இன்னைக்கு எந்தக் கடையிலயும் கிடைக்கும், கல்கியோட எழுத்து 1999-ல நாட்டுடைமையும் ஆயிடுச்சு. ஆனா மலிவு விலைப் பதிப்புகள் பலதுல படம் இருக்காது. அதனாலதான் படத்தோட இருக்கிற பழைய பைண்டிங்குக்கு மவுசு.

இப்போ கொஞ்சம் தொழில் ரகசியம். ஒரு தமிழ்ப் புத்தகத்துல 'முதல் பதிப்பு'ன்னு போட்டிருந்தா அப்படியே நம்பிடாதீங்க. வேற பதிப்பகம் பிற்காலத்துல போடும்போது அவங்களோட முதல் பதிப்பையும் அப்படித்தான் போடுவாங்க. வருஷமே அச்சடிக்காத புத்தகமும் நிறைய உண்டு. அப்போ என்ன பண்றது? லாக் ஃபைல் படிக்கிற மாதிரி, புத்தகத்துல இருக்கிற சின்னச் சின்ன தடயத்தைப் படிக்கணும்.

விலையைப் பாருங்க. ரூபாய், அணா கணக்குல இருந்தா பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முன்னாடி. 'நயா பைசா'ன்னு இருந்தா 1957-லேர்ந்து 1964-க்குள்ள. அடுத்து முகவரி. 'சென்னை-17'ன்னு மட்டும் இருந்தா பழசா இருக்க வாய்ப்பு அதிகம். 'சென்னை 600 017'ன்னு ஆறு இலக்கம் இருந்தா கண்டிப்பா 1972-க்கு அப்புறம், ஏன்னா பின்கோடு வந்ததே அந்த வருஷம் ஆகஸ்ட் 15-லதான். மூணாவது எழுத்து. 'லை', 'னை' எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி மேல வளைஞ்சு இருந்தா, 1978 எழுத்துச் சீர்திருத்த ஆணைக்கு முந்தின பழக்கம். அச்சகங்கள் ஒரே நாள்ல மாறல, அதனால இதை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க. மூணையும் சேர்த்துப் பாருங்க.

கையெழுத்துக்கும் இதே கணக்குதான். கல்கி 1954 டிசம்பர் 5-ல காலமானார். ஒருத்தர் என்கிட்ட 'கல்கி கையெழுத்துப் போட்ட பிரதி'ன்னு ஒண்ணு கொண்டு வந்தார். உள்பக்கத்துல பின்கோடு இருந்தது! நான் ஒண்ணும் சொல்லல, அந்த ஆறு இலக்கத்தை மட்டும் விரலால காட்டினேன். அவரும் ஒண்ணும் சொல்லல, பையை மூடிட்டுப் போயிட்டார்.

சரி, கதைக்கு வரேன். போன வருஷம் கும்பகோணம் பக்கம் ஒரு வீட்டுல புத்தகம் இருக்குன்னு தெரிஞ்சு போனேன். ரிட்டயர்ட் டீச்சர் அம்மா, எழுபது வயசுக்கு மேல. வீட்டைக் காலி பண்ணிட்டு மகளோட போய் இருக்கப் போறாங்க. ரெண்டு அட்டைப்பெட்டி. மேல இருந்ததெல்லாம் சாதாரணப் புத்தகம். கீழ அஞ்சு பைண்டிங். பிரிச்சுப் பார்த்தேன், மணியம் படத்தோட பொன்னியின் செல்வன். எனக்குத் தெரியும் அதோட மதிப்பு. ஆனா மூஞ்சியை மாத்திக்காம, "எல்லாம் சேர்த்து 6,000 ரூபாய் தரேம்மா"ன்னேன். "பேப்பர்காரன் 400 சொன்னான் தம்பி, நீ தாராளம்"னு சொல்லி காபியும் கொடுத்தாங்க.

வீட்டுக்கு வந்து பக்கம் பக்கமா சரிபார்த்தேன். மூணாவது பாகத்துல ஒரு வாரம் இல்ல. அந்த இடத்துல கோடு போட்ட நோட்டுத் தாள், பேனா மையில குண்டு குண்டா ஒரு கையெழுத்து. காணாமப் போன அத்தியாயத்தை யாரோ முழுசா கையால எழுதிச் சேர்த்துத் தைச்சிருக்காங்க. அதோட விடல, படத்தையும் பென்சில்ல பார்த்து வரைஞ்சிருக்காங்க. குதிரை கொஞ்சம் ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கு. கீழ 'ஓவியம்: மணியம்'னு மறக்காம எழுதியிருக்கு.

வாங்குறவங்க ரெண்டு பேர் வந்தாங்க. ஒருத்தர் சேகரிப்பாளர். முழு செட்டா இருந்தா 15,000, ஒரு வாரம் குறையுதுன்னா 9,000-ன்னார். அவருக்கு அந்த நோட்டுத் தாள் ஒரு குறை. இன்னொருத்தர் உள் அலங்காரம் பண்றவர். படம் இருக்கிற தாளை மட்டும் கிழிச்சுக் கொடுத்தா 25,000, ஃப்ரேம் போட்டு விக்கலாம்னார். "அந்தப் பென்சில் படம் வேண்டாம்"னும் சொன்னார்.

உண்மையைச் சொல்றேன், 25,000 எனக்குப் புதுக் கணக்கு இல்ல. ஆரம்பிச்ச முதல் வருஷம் வேற ஒரு பைண்டிங்கை நானே பிளேடு வச்சுப் பிரிச்சு, படத்தை மட்டும் வித்திருக்கேன். மிச்சத்தை எடைக்குப் போட்டேன். நல்ல லாபம். ஆனா அந்த மாதிரி ஒரு பைண்டிங்கை யாரும் மறுபடி அச்சடிக்க முடியாது. நான் டெலீட் பண்ணது பேக்கப் இல்லாத ஒரே காப்பி.

இந்தத் தடவை கிழிக்கிறதுக்கு முன்னாடி அந்த அம்மாவுக்குப் போன் போட்டேன். "அது எங்க மாமியார் எழுத்துப்பா"ன்னாங்க. பக்கத்து வீட்டுக்கு இரவல் போன கல்கி அந்த ஒரு வாரம் மட்டும் திரும்பி வரலையாம். வேற ஒரு வீட்டுல ரெண்டு நாளைக்குக் கேட்டு வாங்கி, சமையல் முடிஞ்ச பிறகு ராத்திரி உட்கார்ந்து எழுதினாங்களாம். "நான் கல்யாணமாகி வந்தப்போ இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. எந்தப் புத்தகத்துல இருந்ததுன்னு எனக்கே மறந்து போச்சு."

அடுத்த சனிக்கிழமை பஸ் ஏறினேன். மூணாவது பாகத்தைக் கொடுத்தேன். கூடவே 5,000 ரூபாய். "இதோட விலை எனக்கு அன்னைக்கே தெரியும்மா, சொல்லாம விட்டுட்டேன்"னு சொல்லிட்டேன். அவங்க வேண்டாம்னு மறுப்பாங்கன்னு நினைச்சேன். மறுக்கல. எண்ணிப் பார்த்து, கணக்கு நோட்டுல எழுதிக்கிட்டு, "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே தம்பி"ன்னாங்க. அவ்வளவுதான். திட்டல. இந்தத் தடவையும் காபி கொடுத்தாங்க.

மத்த நாலு பாகத்தை, படம் எதையும் கிழிக்காம, படிக்கிறதுக்காகவே கேட்ட ஒருத்தருக்கு 8,000-க்குக் கொடுத்தேன். திருப்பிக் கொடுக்கறதுக்கு முன்னாடி மூணாவது பாகத்தை, அந்த நோட்டுத் தாளையும் சேர்த்து, ஸ்கேன் பண்ணி வச்சிருந்தேன். அந்த அம்மாகிட்ட கேட்டு, அதோட பிரிண்ட்டை அவருக்கும் கொடுத்தேன். பஸ் செலவெல்லாம் போக இந்த செட்ல எனக்கு நஷ்டம்தான். பெட்டியில இருந்த மத்த புத்தகங்கள் அதைச் சரிக்கட்டிடுச்சு.

இப்போ என் வழக்கம் இதுதான். வாங்கறதுக்கு முன்னாடி எந்தப் புத்தகம் தனியா விலை போகும்னு எடுத்து வெளியே வைப்பேன், உத்தேச விலையையும் சொல்லுவேன். சில பேர் மனசு மாறி விக்க மாட்டாங்க. போகட்டும்.

உங்க வீட்டுப் பரண்ல பைண்டிங் இருந்தா மூணு விஷயம். கிழிஞ்ச இடத்துல செல்லோ டேப் ஒட்டாதீங்க, பசை பழுத்துத் தாளையும் கெடுக்கும். லாமினேஷன் வேண்டாம். ராமபாணப் பூச்சி இருட்டு, ஈரம் ரெண்டையும் தேடி வரும், அதனால அப்பப்போ எடுத்து நிழல்ல காத்தாட வைங்க.

வச்சுக்க முடியலன்னா, எடைக்குப் போடறதுக்கு முன்னாடி ஒரு நூலகத்துல கேளுங்க. கோட்டையூர்ல போர்டு எழுதுற ஓவியரா இருந்த ரோஜா முத்தையா தனி ஆளா சேர்த்ததுதான், அவர் 1992-ல இறந்த பிறகு, 1994-ல சென்னையில ஒரு ஆராய்ச்சி நூலகமா ஆச்சு. அவரும் பழைய பேப்பர் பெட்டிகளைத்தான் பிரிச்சுப் பார்த்தார்.

முதல்ல வீட்டுப் பெரியவங்களை உட்கார வச்சு ஒரு தடவை பிரிச்சுக் காட்டுங்க. இது யாரோட எழுத்துன்னு கேளுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.